நாற்பத்து மூன்றாவது ஆள்

வீட்டு வசதி வாரியத்தின் பன்னிரண்டாவது வீட்டுக் குலுக்கலுக்கு நான்கு நாள் இருந்தபோது, பழைய குலுக்கல்களின் கோப்பை ஒழுங்கு பண்ணுகிற வேலை கெர்னலின் தலையில் விழுந்தது. கெர்னல் என்பது அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. கம்ப்யூட்டரின் இயங்குதளத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் மேய்க்கிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். குலுக்கல் இயந்திரத்துக்கு அந்தப் பகுதியைக் கட்டிக்கொடுத்தவள் இவள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைப் பற்றி அரை மணி நேரம் விளக்குவாள். அலுவலகம் எத்தனை நாள்தான் பொறுக்கும்? பெயரை வைத்துவிட்டது.

மூன்றாவது குலுக்கலின் தாளையும் ஐந்தாவதின் தாளையும் ஓரம் சரிபார்க்க ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தாள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 218, 43, 407, 96, 331. எண்ணின் மேல் எண் அப்படியே உட்கார்ந்திருந்தது. எந்தச் சோம்பேறியோ ஒரே தாளை இரண்டு தடவை அச்செடுத்து வைத்துவிட்டான் என்று முதலில் திட்டினாள். தேதி வேறு வேறாக இருந்தது. சாட்சிக் கையெழுத்தும் வேறு.

பதினொரு தாள்களையும் உருவித் தரையில் பரப்பினாள். முதல் குலுக்கல் வேறு. எட்டாவது வேறு. மற்ற ஒன்பதும் ஒரே வரிசை.

ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு பேர், இருபத்து நான்கு வீடு. விண்ணப்பம் கொடுக்கிறவர்களுக்கு, வந்து நின்ற வரிசைப்படி ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை எண் போட்டு ஜன்னலில் சீட்டுக் கொடுப்பார்கள். இயந்திரம் அந்த ஐந்நூறு எண்களையும் கலைத்துப் போட்டு, மேலே வரும் இருபத்து நான்கை எடுக்கும். அரங்கத்தின் திரையில் வருவது நீளமான விண்ணப்ப எண் மட்டும்தான், அது ஆளுக்கு ஆள் மாறும். வரிசை எண் அச்சடித்த தாளில் மட்டும் இருக்கும். தாளில் சாட்சி கையெழுத்துப் போடுவார், தாள் கோப்புக்குப் போகும், கோப்பு அலமாரிக்குப் போகும். ஆறு வருஷமாக ஒரு கண்ணும் அதைப் பார்க்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் எரிச்சல். எண்ணைத் தாறுமாறாகக் கொடு என்றால் இயந்திரத்தின் கெர்னலால் ஒன்றுமில்லாததிலிருந்து கொடுக்க முடியாது. யாரோ விசையைத் தட்டிய கணம், வட்டு சுழன்ற கணம், கம்பி வழியாகச் செய்தி வந்த கணம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத சில்லறை நேரங்களை எல்லாம் பொறுக்கி ஒரு பானையில் போட்டுக் கலக்கும். பானை நிறைந்த பிறகுதான் அகப்பையால் மொண்டு தரும். குலுக்கல் இயந்திரத்துக்கோ கீபோர்டும் இல்லை, வெளிக்கம்பியும் இல்லை. யார் கையும் படக்கூடாது என்பது தலைமைப் பொறியாளரின் உத்தரவு. ஆகவே முதல் குலுக்கலில் பானை நிறையப் பதினொரு நிமிஷம் ஆனது. அரங்கத்தில் சலசலப்பு. "ஏதாவது பண்ணும்மா, மானம் போகுது" என்றார் அவர்.

பண்ணினாள். அறிவாளித்தனமாகப் பண்ணினாள். ஒரு நாள் சாவகாசமாகப் பானையை நிறைய விட்டு, இயந்திரத்தின் மொத்த நினைவையும் அந்த நிலையிலேயே உறைய வைத்து ஒரு வட்டில் பதிந்துகொடுத்தாள். அந்த வட்டை அவர் அரக்கு முத்திரை வைத்துப் பெட்டியில் பூட்டினார். குலுக்கல் நாளில் மேடையில் முத்திரையை உடைத்து, வட்டைப் போட்டு, இயந்திரத்தை எழுப்பினால் உடனே தயார். கைதட்டல் வேறு. இயந்திரத்தோடு சேர்ந்து பானையும்தானே உறைந்தது? ஒவ்வொரு தடவையும் அதே பானை, அதே கலவை, அதே அகப்பை. புதிதாகச் சேர்ந்த கணங்களை அந்தக் கெர்னல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறைதான் கலவையில் கொட்டும். எழுப்பிய ஒரு நிமிஷத்துக்குள் பட்டனை அழுத்த வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. எட்டாவது குலுக்கலில் மட்டும், இயந்திரத்தை எழுப்பிய பிறகு சிறப்பு விருந்தினரின் கார் வருவதற்காக விதியையும் மறந்து பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். அந்த மனிதர் தாமதமாக வந்த புண்ணியத்தில் அன்றைக்கு மட்டும் குலுக்கல் குலுக்கலாக நடந்தது.

தாள்களை அள்ளிக்கொண்டு தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள். அவருக்கு அரக்குச் சார் என்று பெயர். மேசை இழுப்பறையில் சிவப்பு அரக்குக் குச்சிகளை அடுக்கி வைத்திருப்பார், தன் டிபன் டப்பாவைத் தவிர எல்லாவற்றுக்கும் முத்திரை வைப்பார். நல்ல மனிதர்தான். யாரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அதனாலேயே அவரிடம் பேசுவது கஷ்டம்.

அவர் ஒன்பது தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினொரு குலுக்கல் நடந்திருக்கு. ஒரு புகார் உண்டா?"

"புகார் இல்ல சார். ஆனா இது தெரிஞ்ச எவனும் ஜன்னல்ல இருநூத்திப் பதினெட்டாவது ஆளாப் போய் நின்னாப் போதும். வீடு அவனுக்குத்தான்."

"எவனுக்குத் தெரியும்?"

"தெரியாது. யாருக்குமே தெரியாதா, யாருக்காவது தெரியுமான்னு நமக்குத் தெரியாது. அதான் சார் சொல்றேன்."

"ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியிருக்கறவன எல்லாம் ஊரு திருடன்னு சொல்லும். உன்னையும் சொல்லும், என்னையும் சொல்லும். யோசிச்சியா?"

"இந்தத் தடவை எழுப்பினதும் ஆறு நிமிஷம் சும்மா விடலாம் சார். அதுவாவது பண்ணுங்க."

"ஒரு நிமிஷம்னு விதி. குழு கூடாம மாத்த முடியாது. குழு கூட மூணு மாசம். பன்னிரண்டாவது முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." தாள்களைத் திருப்பித் தந்தார். இழுப்பறையைத் திறந்து அரக்குக் குச்சிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

அன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். வீடு என்றால் ஓர் அறை. அதில் அக்கா, அவள் கணவன், இரண்டு பிள்ளைகள், மாமனார். நடுவில் ஒரு திரைச்சீலையைக் கட்டி அதை இரண்டு அறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். பிள்ளைகள் எழுதுவதும் சாப்பிடுவதும் அந்தத் தையல் மெஷின் பலகையின் மேல்தான், ஆளுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டு. இதுவரை ஏழு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். தங்கை வாரியத்தில் இருந்தும் கிடைக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். தங்கை நேர்மையானவள் என்று அக்கா சண்டைக்குப் போவாள்.

சுவர்க் கண்ணாடியின் சட்டத்தில் இந்தப் பன்னிரண்டாவது குலுக்கலுக்குப் போட்ட எட்டாவது விண்ணப்பத்தின் சீட்டைச் செருகியிருந்தாள். வரிசை எண் நாற்பத்து மூன்று.

தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா மெஷினை நிறுத்தினாள். "என்னடி? பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?"

மறைக்கத் தெரியாதவள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பானை, அகப்பை, ஐந்து நிமிஷம் எல்லாம் அக்காவின் காதில் ஏறியதோ இல்லையோ, ஒன்று மட்டும் ஏறியது.

"அப்ப எனக்கு வீடு விழுதா?"

"நான் வாயைத் தொறக்காம பட்டன அழுத்தினா, ரெண்டாவதா உன் நம்பர்தான்."

அக்கா ஒரு கணம் சிரித்தாள். பத்து வருஷம் இளமையாகத் தெரிந்தாள். உடனே தங்கையின் கண்ணைப் படித்துவிட்டாள்.

"தொறக்கப் போறியா?"

"அக்கா..."

"நான் என்ன திருடினேன்? தெரிஞ்சா போய் நின்னேன்? பையன ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற வழியில நின்னேன். நாப்பத்து மூணுன்னு குடுத்தாங்க. வாங்கிட்டு வந்தேன்."

"நீ திருடலக்கா. ஆனா இப்ப எனக்குத் தெரியுமே. தெரிஞ்சு அழுத்தினா அதுக்குப் பேரு குலுக்கல் இல்ல. நானே எடுத்து உன் கையில குடுக்கற மாதிரி."

"குடேன். கூடப் பொறந்தவதானே நீ? ஊருக்கு நியாயம் பாக்கறவ, எம் பிள்ளைங்க காலை நீட்டிப் படுக்கறதுக்கும் கொஞ்சம் பாரு. இந்த ஒண்ணு முடியட்டும். அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லு, தண்டோராப் போடு, யாரு வேணாங்கறா?"

முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். காலையில் அவர், இப்போது இவள். தங்கைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அக்கா மெஷினை ஓட்டத் தொடங்கினாள். துணி முடிந்த பிறகும் காலை எடுக்கவில்லை, ஊசி வெறும் பலகையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. "போயிட்டு வரேன்" என்று தங்கை இரண்டு தடவை சொன்னாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கெர்னல் தனக்குள்ளேயே மல்லுக்கட்டினாள். மேடையில் கைப்பை விழுந்தது போல நடித்து ஆறு நிமிஷத்தைக் கடத்திவிடலாமா என்றுகூட யோசித்தாள். கடத்தினால் இந்தக் குலுக்கல் சுத்தமாகிவிடும். பழைய ஒன்பது தாளும் அலமாரிக்குள் செத்துப்போகும். ஒன்பது தடவையும் தோற்று வீட்டுக்குப் போனவர்கள் தங்கள் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டு போனார்கள். அது தலையெழுத்து இல்லை, தன் கையெழுத்து என்பது அவளுக்குத் தாங்கவில்லை. நான்காம் நாள் காலை இருபத்து நான்கு எண்களையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். உறையில் போட்டாள். அரக்குச் சாரின் இழுப்பறையிலிருந்து ஒரு குச்சி அரக்கை எடுத்து, உருக்கி, அவர் முத்திரையையே வைத்து ஒட்டினாள். அவருக்கு அந்த முத்திரையைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை கிடையாது.

அரங்கம் நிறைந்திருந்தது. ஐந்நூறு பேரும் அவர்களோடு வந்தவர்களும். மின்விசிறிகள் வெக்கையை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தன. மேடையில் இயந்திரம், பிரிண்டர், அரக்குச் சார், கெர்னல். முத்திரை உடைக்கும் முன்பு வழக்கம்போல அவர் மைக்கில் கூப்பிட்டார்: "சாட்சிக்கு யாராவது ஒருத்தர் மேல வாங்க."

வழக்கம்போல யாரும் அசையவில்லை. சாட்சியாகப் போனால் வீடு விழாது என்று ஒரு பேச்சு இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது ஏழாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

அக்கா.

உறையைச் சாட்சியிடம் கொடுப்பதாகத்தான் கெர்னலின் திட்டம். இப்போது கொடுத்தால் அது அக்காவின் கைக்குப் போகும். கிழித்துப் போட்டால் முடிந்தது. அக்கா படியேறி வந்தாள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றாள். தையல் பை தோளில் தொங்கியது.

அரக்குச் சார் முத்திரையை உடைத்தார், வட்டைப் போட்டார். இயந்திரம் எழுந்தது. பட்டனுக்கு ஒரு நிமிஷம்.

கெர்னல் மைக்கை இழுத்துக்கொண்டாள். "அழுத்தறதுக்கு முன்னாடி இந்தக் கவரைச் சாட்சி கையில குடுக்கறேன். நம்பர் வந்தப்புறம் பிரிச்சுப் படிக்கட்டும்."

"என்னம்மா இது?" என்றார் அரக்குச் சார், மைக்கை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து. "நாளைக்கு உன் வேலை இருக்காது."

"தெரியும் சார். இன்னிக்கு இருக்கு." உறையை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். கெர்னல் பட்டனை அழுத்தினாள்.

திரையில் நீள எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் எண் வந்ததும் பின்வரிசையில் ஒரு மனிதர் நாற்காலி கவிழ எழுந்து குதித்தார். இரண்டாவது எண் வந்தபோது குதிக்க ஆளில்லை. அந்த ஆள் மேடையில், திரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பிரிண்டர் தாளைத் தள்ளியது. அரக்குச் சார் தாளையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா."

அக்கா பேனாவை வாங்கவில்லை. அரக்கை நகத்தால் நெம்பிப் பெயர்த்தாள். வெள்ளைத் தாளை ஒரு கையிலும் அச்சுத் தாளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மைக்கின் முன்னால் வந்தாள்.

"இது இப்ப மெஷின் குடுத்தது. இது பட்டன அழுத்தறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டினது. முதல் நம்பர் இருநூத்திப் பதினெட்டு. இங்கயும் இருநூத்திப் பதினெட்டு."

முன்வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள்.

"ரெண்டாவது நாப்பத்து மூணு." செருமிக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்: "இங்கயும் நாப்பத்து மூணு! நானூத்தி ஏழு, இங்கயும் நானூத்தி ஏழு. தொண்ணூத்தாறு..."

பத்தாவது எண்ணுக்குள் ஐந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். யாரோ திருட்டு என்றார்கள். கெர்னல் மைக்கருகே போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது குலுக்கல் இதே வரிசையில் நடந்தது, உறைய வைத்தது நான், தப்பு என்னுடையது, தாள்கள் இதோ, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முதல் எண்ணுக்குக் குதித்த மனிதர் மேடைக்கே வந்துவிட்டார்.

"உன் தப்புக்கு என் வீடா? விழுந்தது விழுந்ததுதான். இருபத்து நாலு பேர் வயித்துல அடிக்கறியே, உனக்கென்ன நஷ்டம்?"

அக்கா அவருக்கும் தங்கைக்கும் நடுவில் வந்து நின்றாள். ரவிக்கையிலிருந்து சீட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "பாருய்யா. நாப்பத்து மூணு நான்தான். இவ என் தங்கச்சி. இப்பச் சொல்லு, யாருக்கு நஷ்டம்?"

அவர் சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் அக்கா, அரக்குச் சாரிடம். "போடலைன்னா என்ன சார் ஆகும்? உங்க புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?"

அவருக்குப் புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை, எழுதியவரே அவர்தான். சாட்சிக் கையெழுத்து இல்லாத குலுக்கல் செல்லாது, அன்றே, அதே அரங்கத்தில் மறுபடி நடத்த வேண்டும். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "செல்லாது" என்றார் மைக்கில். பிறகு கெர்னலின் பக்கம் திரும்பி, "இப்ப என்ன பண்ணணும்? சொல்லித் தொலை" என்றார்.

"கீபோர்டு வேணும் சார். எல்லாரும் வந்து தட்டணும்."

"எல்லாருமா? யார் கையும் படக்கூடாதுன்னுதானே..."

"படாததாலதான் இந்தக் கதி. யாரு எப்பத் தட்டுவாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் அது ஏங்கிக் கெடக்கு."

நுழைவு மேசையிலிருந்த கீபோர்டைப் பிடுங்கி வந்தார்கள். இயந்திரத்தில் கீபோர்டைச் செருகும் துளையை அரக்குச் சார் ஆறு வருஷம் முன்பே அரக்கால் அடைத்திருந்தார். அக்கா தையல் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக் கொடுத்தாள். கெர்னல் சுரண்டினாள். சிவப்புத் தூள் மேடையில் உதிர்ந்தது. அரக்குச் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தடுக்கவில்லை.

வரிசை கட்டினார்கள். ஒருவர் ஒரே தட்டு தட்டினார். ஒருத்தி மோதிர விரலால் தட்டினாள். ஒரு கிழவர் எந்த விசை என்று நெடுநேரம் தேர்ந்தெடுத்தார், பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். கைக்குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டவைத்த தாய் ஒருத்தி. படியில் உட்கார்ந்திருந்த இருநூற்றுப் பதினெட்டு எழுந்து வந்து முஷ்டியால் ஓங்கிக் குத்தினார். "அதுவும் சேரும்" என்றாள் கெர்னல். கடைசி ஆள் தட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு நிமிஷ விதி எங்கேயோ காலடியில் கிடந்தது.

பிறகு பட்டனை அழுத்தினாள். திரையில் இருபத்து நான்கு புது எண்கள் வந்தன. அக்கா தன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி எண் வரை பார்த்தாள். அவளுடையது இல்லை.

தாளில் கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் நிதானமாக எழுதி, அடியில் கோடும் இழுத்தாள். அரக்குச் சார் அதை வாங்கி, பழைய ஒன்பது தாள்களோடு சேர்த்து, முத்திரை வைக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்க வருகிறவர்கள் அவரைச் சுற்றிக் கூடத் தொடங்கினார்கள்.

வெளியே வந்ததும் தங்கை வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். "மன்னிச்சிடுக்கா."

"அழாதே. எனக்குக் கோபம் இன்னும் போகல, சும்மா இரு." அக்கா மூக்கைச் சிந்தினாள். கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டாள். பிறகு கேட்டாள்: "அடுத்ததுக்கு எப்ப ஜன்னல் தொறப்பாங்க?"

"ரெண்டு மாசத்துல. அப்ப நான் அங்க இருக்க மாட்டேன்."

"நீ இல்லாட்டி என்ன, ஜன்னல் இருக்குமில்ல. ஒம்பதாவது தடவை எழுதறேன்." புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எத்தனாவது ஆளா நிக்கணும்? அத மட்டும் சொல்லு."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க வேணா நில்லுக்கா."